மலிவு ஹவுசிங்கில் மிரர்லெஸ் கேமரா, தண்ணீருக்கடியில் படம் எடுக்க: கேள்வி பதில்

கேள்வி: சோனி ஏ6400 கேமராவுக்கு சீஃப்ராக்ஸ் நிறுவனத்தின் பிளாஸ்டிக் ஹவுசிங் (தண்ணீர் புகாத உறை) வாங்கலாமா? தண்ணீர் புகுந்துவிடாதா?

பதில்: வாங்கலாம். 40 மீட்டர் வரை தாங்கும் என்கிறார்கள். ஓப்பன் வாட்டர் (முதல் நிலைச் சான்று) டைவருக்கு எல்லையே 18 மீட்டர்தான். ஆழம் கூடக் கூட அழுத்தமே ஓ-ரிங்கை (மூடியை அடைக்கும் ரப்பர் வளையத்தை) இறுக்கிவிடும். தண்ணீர் புகுவது பெரும்பாலும் மேல்மட்டத்தில்தான், ரிங்கில் ஒட்டிய ஒரு தலைமுடியாலோ மணலாலோ. ரிங்கில் சிலிகான் கிரீஸ் லேசாகப் பளபளத்தால் போதும். அப்பினால் மணலைத்தான் பிடித்து வைக்கும். முதல் முறை கேமரா இல்லாமல், உள்ளே டிஷ்யூ பேப்பர் வைத்து இறக்குங்கள். பேப்பர் காய்ந்திருந்தால் அப்புறம் கேமரா.

கேள்வி: கேமராவோடு வரும் 16-50 மிமீ கிட் லென்ஸ் போதுமா, ஹவுசிங்கின் முன்னால் டோம் (அரைக்கோள முகப்பு) வேண்டுமா?

பதில்: தட்டை போர்ட்டில் (லென்ஸுக்கு முன்னுள்ள தட்டையான முகப்பில்) ஒளிவிலகலால் கோணம் குறுகும். 16 மிமீ கிட்டத்தட்ட 21 போல நடந்துகொள்ளும். மீனுக்கு அது போதும். டோம் கோணத்தைத் திருப்பித் தரும், ஆனால் லென்ஸ் மிகக் கிட்டத்தில் ஃபோகஸ் ஆக வேண்டும்.

கேள்வி: கர்நாடகக் கடலிலுள்ள நெத்ராணித் தீவுக்கு டைவ் போகிறேன். ஹவுசிங் லீக் ஆகுமா?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: கண்ணாடி உள்பக்கம் மூட்டமாகிறது.

பதில்: படகில் திறந்து மூடியிருப்பீர்கள். ஏசி அறையில் மூடுங்கள், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள்.

கேள்வி: ஸ்ட்ரோப் (தண்ணீருக்கடியில் பயன்படுத்தும் வெளி ஃபிளாஷ்) விலை கேமரா விலைக்கே வருகிறது. ரா (RAW) ஃபார்மட்டில் எடுத்து லைட்ரூம் மென்பொருளில் சிவப்பை ஏற்றினால் போதாதா?

பதில்: போதாது. ஐந்தாறு மீட்டரிலேயே சிவப்பில் பெரும்பகுதி போய்விடும். சென்சாருக்கு வராத நிறத்தை ஸ்லைடர் எங்கிருந்து கொண்டுவரும்? ஏறுவது நிறப் பொடியாகத் தெரியும் இரைச்சல்தான்.

கேள்வி: அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஸ்ட்ரோப் இல்லாமல் அருமையாக எடுக்கிறார்களே?

பதில்: எடுக்கிறார்கள். மூன்று நான்கு மீட்டர் ஆழம், உச்சி வெயில், முதுகுப் பக்கம் சூரியன், பெரிய பாறையோ மீன் கூட்டமோ. அங்கே ரா ஃபார்மட்டும் கையால் வைத்த ஒயிட் பேலன்ஸும் (நிறச் சமநிலை) போதும். தூரத்துக் காட்சிக்கு ஸ்ட்ரோப் வெளிச்சம் எட்டவும் எட்டாது. 15 மீட்டரில் நூடிபிராங்க் (ஓடில்லாத சிறு கடல் நத்தை) எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், பேசலாம்.

கேள்வி: அப்படியானால் சிவப்பு ஃபில்டர்?

பதில்: ஃபில்டர் நீலத்தையும் பச்சையையும் குறைக்கும், சிவப்பைப் புதிதாகத் தராது. ஏற்கெனவே இருட்டான இடத்தில் இன்னும் வெளிச்சத்தை இழப்பீர்கள். வீடியோவுக்கு மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பிடிவாதம் பிடிக்கிறீர்கள். ஸ்ட்ரோப் போட்டாலும் படம் முழுக்க வெள்ளைப் புள்ளிதான்.

பதில்: லென்ஸுக்குப் பக்கத்திலேயே வைத்தால் அப்படித்தான். நடுவிலுள்ள துகள்கள் நேராக ஒளிரும். ஸ்ட்ரோபைத் தாங்கும் கைகளை நீட்டி இரு பக்கமும் தள்ளி, சற்று வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். மீனிடம் இன்னும் கிட்டப் போங்கள். குறையும் ஒவ்வொரு அடியும் நடுவிலுள்ள தண்ணீரைக் குறைக்கும். காசு இல்லையென்றால் முதலில் ஒரே ஒரு ஸ்ட்ரோப். ஏ6400-இன் பாப்-அப் ஃபிளாஷே ஃபைபர் கேபிள் வழியாக அதைத் தூண்டிவிடும்.

கேள்வி: புது ஹவுசிங், நாளை முதல் டைவ். லீக் ஆகாதே?

பதில்: டிஷ்யூ பேப்பர். படகிலிருந்து கேமராவோடு குதிக்காதீர்கள். இறங்கிய பிறகு கையில் வாங்குங்கள்.

கேள்வி: இதே ஹவுசிங்கில் சோனியின் ஏ7 கேமராவைப் போடலாமா?

பதில்: முடியாது, உடலே உள்ளே போகாது. ஏ7-இல் பாப்-அப் ஃபிளாஷும் கிடையாது. ஸ்ட்ரோபைத் தூண்டத் தனியாக ட்ரிகர் வாங்க வேண்டும். அந்தக் கணக்கையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு வாருங்கள்.