ஒர்க்கிங் லெவல் மந்த்: கணக்கு எங்கே தவறுகிறது

கதிரியக்க வாயுவான ரேடான் சிதைந்து பிறக்கும் 'சேய்கள்' காற்றில் எவ்வளவு என்பதைச் சொல்வது ஒர்க்கிங் லெவல்; அதைச் சுவாசித்த நேரத்தோடு பெருக்கினால் ஒர்க்கிங் லெவல் மந்த். சுரங்கத்தில் ரேடான் கனமீட்டருக்கு 1,000 பெக்கரல் (கதிரியக்க அலகு), ஆண்டுக்கு 2,000 மணி நேர வேலை. 3,700 ஆல் வகுத்து 12 மாதத்தால் பெருக்கியதில் 3.24 ஒர்க்கிங் லெவல் மந்த் வருகிறதே என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு இடங்களில் பிழை.

முதலாவது, இங்கே 'மந்த்' காலண்டர் மாதமல்ல, 170 மணி நேரம். 2,000 மணி என்றால் 11.76 'மந்த்'.

பெரிய பிழை அடுத்தது. கனமீட்டருக்கு 3,700 பெக்கரல் என்றால் 1 ஒர்க்கிங் லெவல் என்பது ரேடானும் அதன் குறுகிய ஆயுள் சேய்களும் முழுச் சமநிலையில் இருந்தால் மட்டுமே. நல்ல காற்றோட்டத்தில் சேய்கள் சேருமுன்பே காற்று வெளியேறிவிடும். சமநிலைக் காரணி (முழுச் சமநிலை என்றால் 1) 0.4 என்று கொண்டால் 0.108 லெவல், ஆண்டுக்கு 1.27 ஒர்க்கிங் லெவல் மந்த் வரும். காற்று தேங்கும் முட்டுச் சந்தில் காரணி ஏறும், அங்கே 0.4 போடாதீர்கள், அளந்தே ஆகவேண்டும். குஸ்நெட்ஸ் முறைப்படி ஃபில்டரில் 5 நிமிடம் காற்றை இழுத்து, 40 முதல் 90 நிமிடத்துக்குள் ஆல்ஃபா எண்ணுங்கள். அவசரப்பட்டு முன்னதாக எண்ணினால் சேய்களில் ஒன்றான பொலோனியம்-218 எண்ணிக்கையைக் கெடுக்கும்.

உடலுக்கான கதிர்வீச்சு அளவான மில்லிசீவெர்ட்டாக மாற்ற, ஐ.சி.ஆர்.பி.யின் (சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம்) 65-ஆம் வெளியீட்டில் ஒரு ஒர்க்கிங் லெவல் மந்துக்கு 5, 137-ஆம் வெளியீட்டில் சுமார் 10. உங்கள் கணக்கு 6.4 அல்லது 12.7 மில்லிசீவெர்ட். எந்த மாற்றுக் கெழு என்பதை அறிக்கையில் கட்டாயம் எழுதுங்கள்.

ஒர்க்கிங் லெவலுக்குத் தமிழாக்கத்தில் 'வேலை மட்டம்' வேண்டாம். சுரங்கத்தில் லெவல் என்றாலே கிடைமட்டப் பாதை; தொழிலாளி அப்படித்தான் படிப்பார்.