காதில் வைத்த கல்

அன்புள்ள ஐயா,

உங்கள் சிறுவர் கதையை மூன்று இரவுகளாக என் மகனுக்கு வாசித்துக் காட்டினேன். நாலாம் வகுப்பு படிக்கிறான். தனுஷ்கோடியில் ஒரு சிறுமி கல்லை எடுத்துக் காதில் வைக்க, அது பழைய புயலைப் பற்றிச் சொல்லும் இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். பிறகு அதே கல் மிதந்து அவளைத் தீவுக்குக் கூட்டிப்போகிறது அல்லவா? போன ஞாயிறு மண்டபம் கரையில் துளைத்துளையாக ஒரு வெள்ளைக் கல்லைப் பொறுக்கி வந்து, வாளித் தண்ணீரில் போட்டான். முங்கிவிட்டது. "அந்த ஆளு பொய் சொல்லிட்டாரும்மா" என்கிறான். கல்லுக்குச் சக்தி உண்டு என்று பிள்ளைகளை நம்பவைப்பது சரியா?

ஒரு வாசகி, கீழக்கரை

அன்புள்ள சகோதரிக்கு,

வாளியில் போட்டுப் பார்த்த பிள்ளைக்கு ஒரு சபாஷ். அவன் சொன்னதில் பாதி உண்மை. ராமேஸ்வரத்தில் தொட்டியில் மிதக்கவிட்டிருக்கும் கல்லைச் சின்ன வயதில் பார்த்த நினைப்பில், இரண்டு கல்லை ஒன்றாக்கிவிட்டேன். சோம்பல்தான். மிதப்பதில் பேர்போனது நுரைக்கல், எரிமலைக் குழம்பு நுரைத்து உறைந்தது. 1883இல் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது அந்தக் கற்கள் இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரை வரை மிதந்து போயின. உங்கள் மகன் எடுத்தது பவளக்கல், பவளம் என்ற கடல் உயிரின் எலும்புக்கூடு. துளைக்குள் காற்று அடைபட்டிருந்தால் சிலது மிதக்கலாம். பெரும்பாலும் முங்கத்தான் செய்யும்.

காதில் வைத்த இடத்தை மட்டும் விட்டுத்தர மாட்டேன். உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அறுத்து எக்ஸ்ரே எடுத்தால் மரத்தின் வளையம் மாதிரி வருஷ வரிகள் தெரியும். கடல் சூடேறிய வருஷம்கூட அதில் பதிந்திருக்கும். தனுஷ்கோடி தேவாலயச் சுவர் இந்தக் கல்லால் எழுப்பியது. என் சிறுமி எடுத்தது அதிலிருந்து உதிர்ந்த துண்டு. கடலுக்குள் உயிரோடு இருந்து, வெட்டுப்பட்டுச் சுவராகி, 1964 டிசம்பரில் ஒரு ராத்திரி கடலே தேடி வந்துவிட்ட கல். அது பேசாமல் வேறு எது பேசும்?

நம்பவைப்பது பற்றி. என் அப்பத்தா தேவிபட்டினத்தில் கடலுக்குள் இறங்கி, அங்கே நட்டிருக்கும் நவக்கிரகக் கற்களான நவபாஷாணத்தைச் சுற்றி வருவார். ராமர் வைத்தது என்பார். நான் படிக்கட்டில் உட்கார்ந்து, தண்ணீர் ஏறும்போது அந்த ஒன்பது கல்லும் குட்டையாவதையும் இறங்கும்போது வளர்வதையும் பார்த்துக்கொண்டிருப்பேன். மூச்சு விடுகின்றன என்றே நினைத்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. அப்புறம் ஒருநாள் அந்த நினைப்பு தானாகப் போயும்விட்டது.

எனக்கு உறுத்துவது வேறு. பவளம் 2001 முதல் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில், புலி இருக்கும் அதே முதல் பட்டியலில் இருக்கிறது. கரையில் கிடந்தாலும் எடுத்துவரக் கூடாது. என் சிறுமியோ கடைசி அத்தியாயத்தில் கல்லை வீட்டு அலமாரியில் வைக்கிறாள்! தம்பியிடம் சொல்லி அவனுடைய கல்லை மண்டபம் கரையிலேயே போட்டுவிடச் சொல்லுங்கள்.

நானும் அடுத்த பதிப்பில் மாற்றுகிறேன். கடல் சத்தம் எட்டாத தூரத்துக்குக் கொண்டுபோனால் கல் ஊமையாகிவிடும். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் காதில் வைத்துப் பார்க்கிறாள், ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் போக வேண்டும், கையில் காசில்லை. அங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அவனிடம் கேட்டு எழுதுங்கள்.