மொட்டின் திருகல்

(நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்யும் மூத்த ஆசாரி ஒருவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

மதுரை வாசகி: என் பாட்டியின் மல்லிகை மொட்டு மாலையையும் சமீபத்தில் வாங்கிய புது மாலையையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். புதியது பளபளக்கிறது. ஆனால் பாட்டியுடையதில்தான் உயிர் இருப்பதுபோல் தோன்றுகிறது. பிரமையா?

பிரமை இல்லை அம்மா. பாட்டியின் மாலையில் ஒரு மொட்டின் நுனியை வெளிச்சத்தில் பாருங்கள். இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, லேசாக ஒரு பக்கம் திருகியிருக்கிறதா? அப்படியென்றால் அதைச் செய்தவர் பூவைப் பார்த்துச் செய்திருக்கிறார். மல்லிகை மொட்டு நேராக மூடியிருப்பதில்லை. மடக்கிச் சுற்றி வைத்த குடை மாதிரி இருக்கும்.

எனக்கு இது பதினாலு வயதில் தெரிந்தது. அப்பாவின் பட்டறையில் வெள்ளித் தகடு வெட்டி, குழியில் வைத்துத் தட்டி, இரண்டு பாதியையும் பற்றவைத்து, அரத்தால் ராவி, நாற்பது மொட்டு செய்தேன். எல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்ததில் எனக்கு ஒரே பெருமை. அப்பா கையில் அள்ளிப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை, அப்படியே மூசையில், அதாவது உலோகம் உருக்கும் கிண்ணத்தில், போட்டு உருக்கிவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் விடியும் முன்னே தோவாளைப் பூச்சந்தைக்குக் கூட்டிப் போனார். சாக்கு சாக்காகப் பிச்சியும் மல்லிகையும் கொட்டிக்கிடக்க, அதில் ஒரே ஒரு மொட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, “இன்னைக்கு உனக்கு வேலை இதைப் பாக்கறதுதான்” என்றார். ஈரத்துணியில் வைத்து நாள் முழுக்கப் பார்த்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தத் திருகல் மெல்ல இளகி, இதழ் ஒவ்வொன்றாக விலகியது. வாசனை அப்புறம்தான் வந்தது. பட்டறையில் காமாட்சி அம்மனுக்குத் தீபம் காட்டிக்கொண்டிருந்த அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். கும்பிடுவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இன்றும் மொட்டு வேலை வந்தால் முதல்நாள் குறட்டைத் தொடமாட்டேன்.

அச்சில் வார்த்த நகையை நான் குறை சொல்லமாட்டேன். அச்சு வெட்டியவர் பூவைப் பார்த்திருந்தால் அதிலும் திருகல் இருக்கும்.

தஞ்சாவூர் வாசகர்: மில்லிகிராம் காட்டும் தராசு வந்த பிறகும் நகைப் பட்டறைகளில் சாமி படத்துக்கு முன் குன்றிமணி வைத்திருக்கிறார்களே, ஏன்?

உங்கள் ஊர்ப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே பதில் இருக்கிறது ஐயா. ராஜராஜன் காலத்தில் சாமிக்குக் கொடுத்த பொன் நகைகளை ‘ஆடவல்லான்’ என்ற கல்லால் நிறுத்து எழுதி வைத்திருக்கிறார்கள். கணக்கு கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று போகும். குன்றி என்பது இந்தக் குன்றிமணியின் எடைதான். 2 குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. மஞ்சாடியும் விதைதான். எடைக்கல்லுக்கு ஆடும் சாமியின் பெயர், அந்தக் கணக்குக்கு அடியில் வேலியோரக் கொடியில் காய்த்த ஒரு விதை. இதை நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

எடைக்கு மட்டுமில்லை. பொடி மணி வைத்துச் செய்யும் வேலையில் குன்றிமணியை நீர் விட்டு உரைத்து, அந்தப் பசையைத் தொட்டுத்தான் கடுகைவிடச் சிறிய மணிகளைத் தகட்டில் ஒட்டுவோம். வெங்காரமும் பற்றவைக்கும் பொடியும் வைத்து நெருப்பை ஊதும்போது விதைப்பசை எரிந்துபோகும், மணி அசையாமல் நின்றுவிடும். பிடிமானத்துக்கு அரக்கு, அது பூச்சி கொடுத்தது. அழுக்கு போகப் பூந்திக்கொட்டை, அது மரம் கொடுத்தது. இத்தனை பேர் சேர்ந்து செய்த நகையை நான் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. (குன்றிமணி விஷம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.)

சென்னை, பரதம் கற்கும் மாணவி: அரங்கேற்றத்துக்கு ஜடைநாகம் வாங்கியிருக்கிறோம். பின்னலில் விறைப்பாக நிற்கிறதே?

ஜடைநாகத்தில் பாம்புப் படம், பிறை, தாழம்பூ, மொட்டு வரிசை, கடைசியில் குஞ்சலம். ஊருக்கு ஊர் இந்த வரிசை கொஞ்சம் மாறும். ஆனால் துண்டு துண்டாகக் கோத்திருப்பது பின்னலோடு சேர்ந்து நெளியத்தான் மகளே. வயல் வரப்பைக் கடக்கும் சாரைப்பாம்பைப் பார்த்திருக்கிறாயா? தலை திரும்பி, ஒரு நொடி கழித்துத்தான் வால் திரும்பும். உன் ஜடையும் அப்படித் திரும்ப வேண்டும். துண்டுகளுக்கு நடுவே ஒரு நெல் இடைவெளி விட்டுப் பின்னலில் தைக்கச் சொல். ஆடி முடித்ததும் வியர்வையைப் பருத்தித் துணியால் ஒற்றி எடு. கெம்புக் கல்லுக்கு அடியில் இருப்பது அரக்கு, தண்ணீரில் மட்டும் ஊறவிடாதே.