ஆறு ஓட்டை இருந்தால் போதுமா?

வாகனக் கேள்வி - பதில்

பிக்கப் வைத்திருப்பவர்களின் கேள்விகள் சேர்ந்துவிட்டன. அதனால் இந்த முறை முழுக்க வீலும் டயரும்தான்.

கேள்வி: என் பிக்கப்பில் 265/65ஆர்17 டயர் இருக்கிறது. எடுப்பாகத் தெரிய 18 அல்லது 20 அங்குல அலாய் போட ஆசை. பெரிய வீல் போட்டால் வண்டி உயரமாகிவிடுமா?

பதில்: ஆகாது, ஆகவும் கூடாது. வீல் பெரிதாகிற அளவுக்கு டயரின் பக்கச்சுவர் குறைய வேண்டும், மொத்த விட்டம் மாறக் கூடாது. உங்கள் டயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 265 என்பது மில்லிமீட்டரில் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் இத்தனை சதவீதம் பக்கச்சுவர் உயரம் என்பது, 17 ரிம்மின் அங்குலம். 265-இல் 65 சதவீதம் 172 மி.மீ. சொச்சம், ரிம்முக்கு மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரண்டு தடவை வருவதால் 344.5, அதோடு ரிம்முக்கு 17 அங்குலம், அதாவது 431.8 மி.மீ., கூட்டினால் சுமார் 776. இதே கணக்கை 265/60ஆர்18-க்குப் போட்டுப் பாருங்கள், 775 வரும். 265/50ஆர்20-க்கு 773. மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான், ஸ்பீடோமீட்டருக்கு வித்தியாசமே தெரியாது.

வித்தியாசம் உங்கள் இடுப்புக்குத் தெரியும். 20 அங்குலத்தில் பக்கச்சுவர் 132 மி.மீ.தான் மிஞ்சுகிறது. பள்ளத்தில் இறங்கும்போது முதல் அடியை வாங்கிக்கொள்வது அந்த ரப்பரும் உள்ளே இருக்கும் காற்றும்தான், அது குறைந்தால் அடி நேராக ரிம்முக்குப் போகும், ரிம் நெளியும், சில சமயம் கீறல் விடும். மணலிலும் சேற்றிலும் காற்றை இறக்கி ஓட்டுகிறவர் என்றால் 17-ஐ விட்டு நகரவே வேண்டாம். 18 சரி. 20 படம் எடுக்க நன்றாக இருக்கும்!

கேள்வி: நண்பர் வேறு கம்பெனி பிக்கப் வைத்திருக்கிறார், அவர் கழற்றிய அலாய் வீல்களைச் சும்மாவே தருகிறார். இரண்டு வண்டியிலும் ஆறு ஓட்டை. பொருந்துமா?

பதில்: எந்த வண்டி என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே! ஆறு ஓட்டை என்பது பாதி விஷயம்கூட இல்லை.

முதலில் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், பி.சி.டி. என்பார்கள். நான்கு சக்கர இயக்க டொயோட்டா ஹைலக்ஸுக்கும், 2011-இல் வந்த தலைமுறையிலிருந்து ஃபோர்டு ரேஞ்சருக்கும் இது 139.7 மி.மீ. நிசான் நவாராவிலும் ஆறு ஓட்டைதான், ஆனால் பல தலைமுறைகளில் 114.3, அப்படிப்பட்டது என்றால் ஏறவே ஏறாது. ஆறு ஓட்டை வீலில் இதை அளப்பது சுலபம், நேரெதிர் ஓட்டைகள் இரண்டை எடுத்து, ஒன்றின் வெளி விளிம்பிலிருந்து மற்றதன் உள் விளிம்பு வரை டேப் பிடித்தால் போதும்.

அடுத்தது நடு ஓட்டை, வண்டியில் வீல் வந்து உட்காரும் ஹப் இதற்குள் நுழைய வேண்டும். ஹைலக்ஸின் ஹப் 106 மி.மீ., ரேஞ்சரின் ஹப் 93. ஆகவே ரேஞ்சர் வீல் ஹைலக்ஸ் ஹப்பில் உட்காராது. மறுபக்கம் ஹைலக்ஸ் வீல் ரேஞ்சரில் ஏறிவிடும், ஆனால் தொளதொளவென்று இருக்கும், நடுவில் சரியான அளவு வளையம் போடாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கக்கூடும்.

ஏறிவிட்டது என்று சந்தோஷப்படும்போதுதான் ஆஃப்செட் வரும். ரிம்மின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று போட்டால், ஹப்பில் ஒட்டும் முகம் அதிலிருந்து எத்தனை மி.மீ. வெளியே தள்ளி இருக்கிறது என்பதுதான் ஆஃப்செட், ரிம்மிலேயே இ.டி. என்று போட்டு எண் இருக்கும். எண் கூடினால் வீல் வண்டிக்கு உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும். இ.டி. 55 இருந்த இடத்தில் அதே அகலத்தில் இ.டி. 30 மாட்டினால் ஒவ்வொரு பக்கமும் 25 மி.மீ. வெளியே நிற்கும். அகலமாகக் கால் பரப்பி நிற்பது பலருக்குப் பிடிக்கிறது, எனக்கும் ஒரு காலத்தில் பிடித்தது. ஆனால் வீல் பேரிங்கில் நெம்புகோல் மாதிரி சுமை ஏறும், ஸ்டியரிங் முன்பு போல இருக்காது, சேறு கதவு வரைக்கும் தெறிக்கும். ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் தட்டான ஸ்பேசர் போடுவதும் இதே கதைதான். சும்மா கிடைப்பதாலேயே மாட்டிவிடாதீர்கள், இந்த மூன்று எண்ணையும் முதலில் பாருங்கள்.

கேள்வி: அதே 17 ரிம்மில் 265/65-ஐ எடுத்துவிட்டு 285/70 போடலாம் என்கிறார் கடைக்காரர். இடிக்காது என்று சத்தியம் செய்கிறார்.

பதில்: வண்டி காலியாக, ஸ்டியரிங் நேராக, கடை வாசலில் நிற்கும்போது இடிக்காது, அதில் அவர் பொய் சொல்லவில்லை. 285/70ஆர்17-இன் விட்டம் சுமார் 831 மி.மீ., உங்களுடையதைவிட 7 சதவீதம் பெரிது. சுமை ஏற்றி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டில் ஏற்றிப் பாருங்கள், முன் சக்கர வளைவின் பின்பக்க பிளாஸ்டிக்கிலோ மட்ஃபிளாப்பிலோ உரசல் கேட்க வாய்ப்பு அதிகம்.

உயரம் என்ன கூடும்? விட்டத்தில் பாதிதானே கணக்கு, 27 மி.மீ. அதற்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது அதிகம். மீட்டர் சரியாகக் காட்டிக்கொண்டிருந்த வண்டி என்றால் அது 100 காட்டும்போது நீங்கள் 107-இல் போய்க்கொண்டிருப்பீர்கள், ஓடிய தூரமும் குறைவாகப் பதியும். கியர் எல்லாம் நீண்டுவிட்ட மாதிரி ஆகி, சுமையோடு மேடு ஏறும்போது இழுவை குறையும். பிரேக்குக்கும் வேலை கூடும். பலரும் சொல்லும் எல்லை 3 சதவீதம். ஆசை அடங்கவில்லை என்றால் 265/70ஆர்17, அது 803 மி.மீ., 3.4 சதவீதம், எல்லையைச் சற்றே தாண்டுகிறது. அதையும் உரசுகிறதா என்று மேலே சொன்னபடி பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: அடிக்கடி சுமை ஏற்றுகிறேன். எல்.டி. டயர், அதாவது லைட் டிரக் டயர், போட்டால் இன்னும் அதிகம் ஏற்றலாமா?

பதில்: கூடாது. டயர் மட்டும்தான் பலமாகியிருக்கிறது, ஸ்பிரிங் பட்டையும் ஆக்சிலும் பிரேக்கும் பழையபடியே இருக்கின்றன. ரிம்முக்கும் தனியாக ஒரு சுமை எல்லை உண்டு. டயரில் அளவுக்குப் பக்கத்தில் 112 என்று இருந்தால் ஒரு டயருக்கு 1,120 கிலோ, 121 என்றால் 1,450. எல்.டி. டயரில் 121/118 என்று இரண்டு எண் இருக்கும், இரண்டாவது எண் பின்னால் ஜோடி ஜோடியாக மாட்டுகிற வண்டிகளுக்கு. கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பின் ஆக்சிலின் எல்லை இருக்கும், அதில் பாதியைவிட உங்கள் டயரின் எண் குறிக்கும் கிலோ குறைவாக இருக்கவே கூடாது.

இன்னொன்று, 1,450 கிலோ என்பது டயரில் குறித்திருக்கும் உச்ச அழுத்தத்தில்தான், கனமான எல்.டி. டயர்களில் அது 80 பி.எஸ்.ஐ. பழைய டயருக்கு அடித்த அதே 35-ஐ அடித்துவிட்டுப் பலமான டயர் என்று நம்பினால் சுமையில் டயர் சூடாகி வெடிக்கலாம். 80 அடித்துக் காலியாக ஓட்டினால் வண்டி குதிரை மாதிரி துள்ளும், அது வேறு.

கேள்வி: நான்கு சக்கர இயக்க வண்டி. பின்னால் மட்டும் பெரிய டயர் போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஃபோர் வீல் போட்டதும் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், கியர்பெட்டி செலவு வரும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும்.

கேள்வி: புது அலாய் போட்டு ஒரு வாரத்தில் நட்டு தளர்ந்துவிட்டது. ஏன்?

பதில்: பழைய நட்டையே போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். சில கம்பெனி அலாய்களுக்குத் தட்டை வாஷர் வைத்த நட்டு, வெளியே வாங்கும் அலாய்களில் பெரும்பாலும் கூம்பு நட்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று உட்காராது. எனக்கும் ஒருமுறை இப்படி ஆகி, டிக் டிக் என்று சத்தம் கேட்டு நிறுத்திப் பார்த்தால் இரண்டு நட்டைக் கையாலேயே திருக முடிந்தது. இப்போதே வண்டியை நிறுத்திவிட்டு, ஓட்டைகள் நீள்வட்டமாகிவிட்டனவா என்று பாருங்கள், ஆகியிருந்தால் அந்த வீல் போனது போனதுதான். நன்றாக இருந்தால் சரியான நட்டு வாங்கி, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்சில் முறுக்கி, 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை முறுக்குங்கள்.