தடுப்பூசி போட்ட ஐந்தாம் நாளே கோமாரி வருமா?

கேள்வி: மாடுகளுக்குக் கோமாரி தடுப்பூசி போட்டு ஐந்து நாள்தான் ஆகிறது. ஒரு கறவை மாட்டுக்கு வாயிலும் குளம்பிடுக்கிலும் புண் வந்துவிட்டது. ஊசியால் வந்த வினையா? அதன் இரண்டு மாதக் கன்றுக்கும் இப்போது ஊசி போடலாமா?

பதில்: முதல் வேலையாகக் கன்றைத் தாயிடமிருந்து பிரியுங்கள், மடியில் ஊட்ட விடாதீர்கள். இந்த வைரஸ் இளங்கன்றின் இதயத் தசையைத் தாக்கும். வாயில் புண்ணே தெரியாமல் திடீரென்று செத்து விழும். நன்றாகக் கொதிக்கவைத்து ஆறிய பாலைக் கொடுங்கள்.

ஊசியால் வந்ததல்ல. அதில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ். அது பெருகாது, நோயும் தராது. கோமாரி தொற்றினால் அறிகுறி தெரிய 2 முதல் 14 நாள் வரை ஆகும். ஆகவே ஊசிக்குச் சற்று முன்போ பின்போ தொற்றியிருக்கிறது.

ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. வைரஸ் புகுந்த செல்கள் சில மணி நேரத்திலேயே இன்டர்ஃபெரான் என்ற பொருளைச் சுரந்து பக்கத்துச் செல்களை எச்சரிக்கும். காய்ச்சல் வருவதும் தீவனம் தின்னாமல் நிற்பதும் இந்தப் போராட்டத்தால்தான். ஆனால் இது எந்தக் கிருமி வந்தாலும் எழும் பொதுவான எதிர்ப்பு. கோமாரியை மட்டும் குறிவைத்துப் பிடிக்கும் ஆன்டிபாடி வேண்டுமென்றால், அதை அடையாளம் காணும் வெள்ளை அணுக்கள் பெருகியாக வேண்டும். அதற்கு ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அந்த அணுக்களில் சில நினைவு செல்களாகத் தங்கிவிடுவதால் அடுத்த முறை எதிர்ப்பு வேகமாக எழும். முதல் ஊசிக்கு ஒரு மாதம் கழித்து ஊக்க ஊசி போடச் சொல்வது இதற்காகத்தான். அந்தப் பாதுகாப்பும் நாளாக ஆகக் குறையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடாமல் தீராது. போதாததற்கு இந்த வைரஸில் 7 வகை உண்டு, ஒன்றுக்கான எதிர்ப்பு இன்னொன்றைத் தடுக்காது.

ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. புண்ணில் பாக்டீரியா சேர்ந்திருந்தால் கால்நடை மருத்துவர் சொல்வார், அப்போது போட்டால் போதும்.

கன்று விஷயத்துக்கு வருவோம். பசுவின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் கன்றுக்குப் போகாது, சீம்பால் வழியாகத்தான் போகும். அதையும் கன்றின் குடல் முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக உறிஞ்சும். ஒரு நாள் கழிந்தால் அநேகமாக அவ்வளவுதான். தாய் ஏற்கெனவே முறையாக ஊசி போட்ட மாடு என்றால் அந்த ஆன்டிபாடி இரண்டு மாதக் கன்றிடம் இன்னும் இருக்கும். ஊசி மருந்தை அதுவே மடக்கிவிடும், கன்றின் உடம்பு சொந்தமாக எதையும் கற்றுக்கொள்ளாது. நான்கு மாதம் ஆனபின் தொடங்குவதே வழக்கம். தாய்க்கு இதுதான் முதல் ஊசி என்றால் கணக்கு மாறும். மருத்துவரிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

நோயுற்ற மாட்டின் தொட்டியில் மற்றவை தண்ணீர் குடிக்கக் கூடாது. அதைக் கவனிப்பவர் கை, கால், செருப்பைக் கழுவாமல் மற்ற மாடுகளிடம் போகவும் கூடாது.