நடிப்பா, எழுத்தா என்று முடிவெடுக்காத மகள்

அக்கா, மகள் “நடிக்கவும் வேணும், எழுதவும் வேணும், இயக்கவும் வேணும்” என்று நிற்பதைக் குழப்பம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. கனடாவில் நாடகத்தை நம்பிச் சீவிக்கிறவர் ஒரே வேலையோடு நின்றால் வீட்டு வாடகை கட்டுவது கஷ்டம்.

ரொறன்ரோவில் உங்கள் ஸ்காபரோவிலேயே வளர்ந்தவர் நடிகரும் நாடகாசிரியருமான இன்ஸ் சோய். கொரியக் குடும்பம். யோர்க் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தவர். பெட்டிக்கடை நடத்தும் ஒரு கொரியத் தகப்பனைப் பற்றி ‘கிம்ஸ் கன்வீனியன்ஸ்’ என்ற நாடகத்தை எழுதினார். நாடகக் கம்பனிகள் கையை விரித்தன. 2011இல் ரொறன்ரோ ஃபிரிஞ்ச் என்ற நாடக விழாவின் புதிய நாடகப் போட்டியில் வென்று அங்கேயே மேடையேற்றினார், மகன் வேடத்திலும் தானே நடித்தார். அடுத்த வருடம் ரொறன்ரோவின் சோல்பெப்பர் நாடகக் கம்பனி அதை எடுத்து மேடையேற்றியது. 2016 முதல் 2021 வரை கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசியின் தொலைக்காட்சியில் தொடராக ஓடியது. 2024இல் லண்டன் மேடையில் அதே நாடகத்தின் அப்பா அவர்தான். (கொரிய மொழியிலும் அப்பா அப்பாதான், பார்த்தால் உங்களுக்கு அந்நியமாக இருக்காது.) நடித்ததற்குச் சம்பளம், எழுதியதற்கு உரிமைத்தொகை, தொலைக்காட்சிக்கு வேறு பணம்: எல்லாம் ஒரு பிரதியில் இருந்து வந்தவை.

எல்லோருக்கும் தொலைக்காட்சி கதவைத் தட்டாது, அதை மறைக்க மாட்டேன். இந்தத் தொழிலில் பெரும்பாலும் சுயதொழில் கணக்குத்தான். கனடா ஓய்வூதியத் திட்டத்துக்குத் தொழிலாளி பங்கையும் முதலாளி பங்கையும் மகளே கட்ட வேண்டிவரும். கனடா கலை மன்றத்தின் மானியம் மாதச் சம்பளம் அல்ல. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனியாக விண்ணப்பித்து, சக கலைஞர்களின் குழுவில் தேற வேண்டும். ஆகவே வரவுசெலவுத் திட்டம் போடவும் விண்ணப்பம் எழுதவும் தெரிந்த கலைஞர்தான் தாக்குப்பிடிக்கிறார். நடிப்போடு கலை நிர்வாகப் பாடங்களும் எடுக்கச் சொல்லுங்கள்.

மொன்றியல் தேசிய நாடகப் பள்ளிக்கு ஒடிஷன் உண்டு. ஆனால் அங்கே கிடைப்பது டிப்ளோமா, பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. உங்களுக்குப் பட்டம் முக்கியமென்றால் அதை இப்போதே மகளோடு பேசுங்கள், சேர்ந்த பிறகு சண்டை பிடிக்காதீர்கள்.

வருகிற ஜூலையில் ஃபிரிஞ்சில் தொண்டராக நிற்கட்டும். அதற்குள் இருபது நிமிட நாடகம் ஒன்றையாவது எழுதி முடிக்கட்டும்; பாதியில் கிடக்கும் பத்துப் பிரதிகளை நான் கணக்கில் எடுப்பதில்லை. உழைக்கத் தொடங்கியதும் செலவுப் பற்றுச்சீட்டுகளை ஒரு பழைய பிஸ்கற் பெட்டியில் போட்டு வைக்கப் பழக்குங்கள். வரி நேரத்தில் தேவைப்படும்.