சி-பேப் கருவியோடு உறங்கப் பழகுதல்: கேள்வி பதில்

உறக்கத்தில் மூச்சு தடைப்படும் ஸ்லீப் ஆப்னியா நோய்க்காக, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு அனுப்பும் சி-பேப் கருவி பரிந்துரைக்கப்பட்டவர்களும் அவர்களுடைய வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் உறக்க ஆய்வுக்கூடத்தில் இரவுப் பணி பார்க்கும் தொழில்நுட்பர். நோயாளிகள் முதன்முறையாக மாஸ்க் அணியும்போது பக்கத்தில் இருந்து உதவுவது என் வேலை. நான் பார்த்தவரையில், கருவியைக் கைவிட்டவர்களுக்கு மன உறுதியில் குறை இருந்ததில்லை. எளிதில் சரிசெய்திருக்கக்கூடிய ஏதோ ஒரு தொல்லையை உரிய நேரத்தில் யாரும் சரிசெய்து தரவில்லை என்பதுதான் காரணமாக இருந்திருக்கிறது. அழுத்த அளவை மாற்றுவதை மட்டும் உங்கள் மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 52. மணிக்கு 38 முறை மூச்சு தடைப்படுவதாக ஆய்வு முடிவு வந்தது. மாஸ்க் மாட்டிய சற்று நேரத்திலேயே மூச்சு முட்டுகிறது, கழற்றி வைத்துவிடுகிறேன். எனக்கு இது ஒத்துவராதா?

மணிக்கு 5-க்குக் குறைவாக இருந்தால் இயல்பு என்றும், 30-ஐத் தொட்டால் தீவிரம் என்றும் கொள்வது வழக்கம். ஆகவே உங்களுக்குச் சிகிச்சை அவசியம் தேவை. உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை மூடிக்கொள்கிறது. கருவி அனுப்பும் காற்றின் அழுத்தம் அதை உள்ளிருந்து விரித்துத் திறந்து வைக்கிறது. சிட்னியில் மருத்துவர் கோலின் சல்லிவன் 1980-இல் முதன்முதலாகச் செய்து பார்த்து, 1981-இல் லான்செட் இதழில் வெளியிட்ட முறை இது. அந்தக் காலத்தில் மாஸ்க்கை ஒவ்வோர் இரவும் பசை வைத்து மூக்கில் ஒட்ட வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், இன்றைய மாஸ்க் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது புரியும்.

முதலில் படுக்கையை மறந்துவிடுங்கள். மாலையில் நாற்காலியில் உட்கார்ந்து, பட்டையை மாட்டாமல், மாஸ்க்கைக் கையால் மூக்கின் மேல் பிடித்துக்கொண்டு கருவியை ஓடவிடுங்கள். எந்த நொடியிலும் எடுத்துவிடலாம் என்பது உங்கள் கைக்குத் தெரிந்திருப்பதால் பயம் எழாது. அது பழகியபின் பட்டையை மாட்டிக்கொண்டு, செய்தித்தாள் படித்தபடியோ தொலைக்காட்சி பார்த்தபடியோ அரை மணி, ஒரு மணி நேரம் இருங்கள். அதன்பின் பகலில் படுத்தபடி; அதற்கும் பிறகுதான் இரவு. சிலருக்கு இது நான்கைந்து நாளில் முடியும், சிலருக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும், இரண்டுமே இயல்புதான்.

மூச்சு முட்டுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. அழுத்தம் அதிகம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போது, உண்மையில் அது குறைவாக இருக்கலாம். அழுத்தத்தைத் தேவைக்கேற்பத் தாமே கூட்டிக் குறைக்கும் தானியங்கிக் கருவிகளின் அழுத்தம் பெரும்பாலும் 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரை என்று கடையிலேயே வைக்கப்பட்டு வருகிறது. விழித்திருக்கும் பருமனான ஒருவருக்கு 4 என்பது போதாது. காற்றை இழுத்து இழுத்து வாங்குவது போல் இருக்கும். தொடக்க அழுத்தத்தை 6 அல்லது 7 ஆக உயர்த்திய அன்றே நிம்மதியாக மூச்சு விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மாறாக, காற்றை வெளியே விடும்போதுதான் சிரமம் என்றால், மூச்சு விடும் கணத்தில் அழுத்தத்தைச் சற்றே தளர்த்தும் வசதி கருவியிலேயே இருக்கும். உள்ளிழுக்கும்போது தொல்லையா, வெளிவிடும்போது தொல்லையா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் செய்ய வேண்டிய மாற்றம் அதைப் பொறுத்தது.

கேள்வி: என் மனைவிக்கு மாஸ்க்கிலிருந்து காற்று கசிந்து கண்ணில் அடிக்கிறது. பட்டையை இறுக்கினால் காலையில் மூக்குத் தண்டில் சிவந்து புண்ணாகிறது. மூக்குத்தி அணிந்திருப்பதும் ஒரு காரணமா?

இருக்கலாம். ஆனால் முதல் காரணம் இறுக்கமே. மாஸ்க்கின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய சிலிக்கான் மடிப்பு காற்று நிரம்பி லேசாக உப்பி நின்றால்தான் முகத்தோடு படியும். பட்டையை இறுக்கினால் அது நசுங்கிப்போய்க் கசிவு அதிகமாகிவிடும். உட்கார்ந்தபடி மாட்டிப் பார்த்துவிட்டுப் படுக்காமல், படுத்துக்கொண்டு, கருவி ஓடும்போது, வழக்கமாக உறங்கும் பக்கம் திரும்பிச் சரிசெய்ய வேண்டும். பட்டையை எல்லாம் தளர்த்திவிட்டு, மாஸ்க்கை முகத்திலிருந்து அரை அங்குலம் முன்னே இழுத்து, காற்று நிரம்பியதும் மெதுவாக முகத்தில் அமர விடுங்கள். பிறகு கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் இருபக்கமும் சமமாக இழுத்தால் போதும். பட்டைக்கும் கன்னத்துக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும்.

நம் வீடுகளில் பெண்கள் இரவில் தலைக்கு எண்ணெய் தேய்த்து, முகத்துக்கும் தேங்காய் எண்ணெயோ கிரீமோ தடவிப் படுப்பது வழக்கம். எண்ணெய்ப் பசை மேல் சிலிக்கான் நிற்காது, வழுக்கும். நாளடைவில் அதுவே சிலிக்கானை மென்மை கெடுத்துப் பாழாக்கும். படுக்கும் முன் முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிடச் சொல்லுங்கள். காலையில் மாஸ்க்கின் மெத்தைப் பகுதியை மட்டும் மென்சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி நிழலில் உலர்த்தினால் போதும். கொண்டையைப் பின்மண்டையில் போடாமல் உச்சியிலோ தளர்ந்த பின்னலாகவோ போட்டால் பட்டை நழுவாது.

மூக்குத்தியைக் கழற்ற மனமில்லை என்றால் கழற்றச் சொல்ல வேண்டாம். மூக்கை முழுவதும் மூடும் மாஸ்க்குக்குப் பதிலாக, நாசித் துவாரத்தின் அடியில் மட்டும் பொருந்தும் பில்லோ வகையைக் கேளுங்கள். பெரும்பாலான மூக்குத்திகளுக்கு அது இடைஞ்சல் தராது, கண்ணில் காற்றும் அடிக்காது. ஓர் எச்சரிக்கை: சில மாஸ்க்குகளின் கொக்கிகளில் காந்தம் இருக்கிறது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும், தலையில் உலோகக் கிளிப் உள்ளவர்களும், அவர்களோடு ஒரே படுக்கையில் உறங்குபவர்களும் அவ்வகையைத் தவிர்க்க வேண்டும்.

கேள்வி: காலையில் எழுந்தால் வாய் பாலைவனமாக வறண்டிருக்கிறது. காற்றை ஈரமாக்கக் கருவியில் இருக்கும் தண்ணீர்க் கலத்தை நிரப்பித்தான் வைக்கிறேன்.

மூக்கு மாஸ்க்கை அணிந்துகொண்டு வாயைத் திறந்து உறங்குகிறீர்கள். மூக்கில் புகும் காற்று வாய் வழியாக வெளியேறிவிடுகிறது. ஏன் வாய் திறக்கிறது என்று பாருங்கள். மூக்கடைப்பு இருந்தால் படுக்கும் முன் உப்புநீர்த் தெளிப்பான் உதவும்; ஒவ்வாமையோ மூக்குத்தண்டு வளைவோ இருந்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் வாயையும் சேர்த்து மூடும் முழுமுக மாஸ்க் தேவைப்படும். வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்வது பற்றி இப்போது நிறையப் பேர் பேசுகிறார்கள். மூக்கு அடைப்பு உள்ளவர்களுக்கும் வாந்தி வரக்கூடியவர்களுக்கும் அது ஆபத்து என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: கலத்தில் ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா? ஏசி போட்டால் குழாய்க்குள் நீர்த்துளி தேங்கி முகத்தில் தெறிக்கிறது.

டிஸ்டில்டு வாட்டர்தான் சிறந்தது. ஆர்ஓ தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும், கலத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். அவசரத்துக்கு ஓரிரு நாள் ஊற்றலாம், பழக்கமாக்க வேண்டாம். எதை ஊற்றினாலும் காலையில் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். யூகலிப்டஸ் தைலம் போன்ற எதையும் அந்த நீரில் கலக்கவே கூடாது. குழாயில் நீர் தேங்குவது, சூடான ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் பட்டுப் படிவதால். ஏசியின் வெப்பநிலையை 26 அளவில் வையுங்கள், ஈரப்பத அளவை ஒரு படி குறையுங்கள், கருவியைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வையுங்கள். சென்னையின் ஈரக்காற்றில் ஏசி இல்லாமல் உறங்குபவர்களுக்குப் பல மாதங்களில் அந்தக் கலமே தேவைப்படுவதில்லை.

கேள்வி: வயிறு உப்பி, விடிந்ததும் ஏப்பமாக வருகிறது.

காற்று உணவுக்குழாய் வழியாக வயிற்றுக்குள் போகிறது. தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்திப் படுங்கள், இரவு உணவை முன்கூட்டியே முடியுங்கள். நீடித்தால் அழுத்தத்தைக் குறைக்க முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: கருவியின் கைபேசிச் செயலியில் மூச்சுத் தடை மணிக்கு 3 என்றுதான் காட்டுகிறது. இரவு இரண்டு மூன்று மணி வரை போட்டுக்கொள்கிறேன். ஆனாலும் பகலில் தூக்கம் சொக்குகிறது.

அந்த 3 என்ற எண், மாஸ்க் முகத்தில் இருந்த நேரத்துக்கு மட்டுமே உரியது. கழற்றிய பின் நடந்ததைக் கருவி அறியாது. கனவு காணும் உறக்கம் பெரும்பாலும் இரவின் பிற்பகுதியில்தான் கூடுதலாக வரும். அப்போது தசைகள் மிகவும் தளர்ந்திருப்பதால் மூச்சுத் தடை நீளும், ஆக்சிஜனும் அதிகமாக இறங்கும். நீங்கள் இரண்டு மணிக்குக் கழற்றும்போது, நோய் மிக மோசமாக இருக்கும் நேரத்தைச் சிகிச்சை இல்லாமல் விட்டுவிடுகிறீர்கள். இரவில் நான்கு மணி நேரம் போட்டால் போதும் என்று சொல்லப்படுவது, அமெரிக்காவில் காப்பீட்டுக்காக வைத்த குறைந்தபட்ச வரம்பு. உடம்புக்கான இலக்காக அதைக் கொள்ளாதீர்கள். 2016-இல் வெளியான சேவ் என்ற ஆய்வில், 2,700-க்கும் மேற்பட்ட இதயநோய், பக்கவாத நோயாளிகளைக் கவனித்தும் சி-பேப் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவர்கள் அதைப் போட்டிருந்தது சராசரியாக 3.3 மணி நேரம்தான். பகல் தூக்கக் கலக்கமோ, அவ்வளவு குறைந்த பயன்பாட்டிலும் தணிந்தது.

கழிப்பறைக்குப் போய்விட்டு வந்ததும் மறுபடி மாட்டிக்கொள்ளுங்கள். அந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மாஸ்க்கைக் கழற்றாமல் குழாயை மட்டும் பிரித்துவிட்டு நடந்து போகலாம். முழு இரவும் ஒரு மாதம் போட்ட பின்னும் கலக்கம் நீடித்தால் தைராய்டு, இரத்தசோகை, தூக்க மாத்திரை, மன அழுத்தம் ஆகியவற்றை மருத்துவர் பார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: அப்பா லாரி ஓட்டுநர். கருவி வாங்கி வைத்திருக்கிறோம், "நான் என்ன நோயாளியா?" என்று தொடவே மறுக்கிறார். என்ன செய்வது, அண்ணா?

தம்பி, இந்தக் கேள்விதான் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது. ஆப்னியா இருந்தும் சிகிச்சை எடுக்காமல் வண்டி ஓட்டுவது அவர் உயிருக்கும் சாலையில் போகும் மற்றவர்கள் உயிருக்கும் ஆபத்து. நோயைப் பற்றிப் பேசினால் அவருக்குக் கோபம் வரும். வண்டியைப் பற்றிப் பேசுங்கள். சிக்னலில் நிற்கும்போது கண் சொருகியதுண்டா, கடந்து வந்த ஊர் நினைவில்லாமல் போனதுண்டா என்று அமைதியாகக் கேளுங்கள். அவர் உறங்கும்போது மூச்சு நின்று, பிறகு திடுக்கிட்டு இழுப்பதைக் கைபேசியில் பதிவு செய்து அவரே பார்க்கும்படி காட்டலாம். ஆனால் உறவினர் முன்னிலையில் வேண்டாம். அம்மாவையும் கேளுங்கள்: குறட்டைச் சத்தத்தில் அவர் எத்தனை இரவு வேறு அறைக்குப் போயிருக்கிறார் என்பது அப்பாவுக்குத் தெரியாமலே இருக்கலாம். அப்பா ஒப்புக்கொள்ளும் வரை இரவு ஓட்டத்தைத் தவிர்க்கச் செய்யுங்கள்.

கேள்வி: மட்டக்களப்பில் அடிக்கடி மின்சாரம் போகிறது. உறக்கத்தில் கருவி நின்றால் மூச்சு அடைத்துவிடுமா?

அடைக்காது. முழுமுக மாஸ்க்கில், காற்று நின்றதும் தானாகத் திறந்து வெளிக்காற்றை விடும் வால்வு இருக்கிறது. மூக்கு மாஸ்க்கில் வாய் வழியாக மூச்சு வரும். பெரும்பாலும் விழித்துக்கொள்வீர்கள். மின்சாரத்தை அதிகம் குடிப்பது நீரைச் சூடாக்கும் பகுதிதான்; அதை நிறுத்திவிட்டால் சாதாரண வீட்டு இன்வெர்ட்டரே இரவு முழுவதும் தாங்கும். விமானத்தில் போனால் கருவியைக் கைப்பையிலேயே எடுத்துச் செல்லுங்கள், கலத்து நீரைக் கொட்டிவிடுங்கள், மருத்துவர் கடிதமும் இருக்கட்டும்.

கேள்வி: எடை குறைந்தால் கருவியை விட்டுவிடலாமா?

சிலரால் முடிந்திருக்கிறது. பருமனோடு நடுத்தர அல்லது தீவிர ஆப்னியா உள்ளவர்களுக்கு டிர்செபடைடு என்ற எடைக் குறைப்பு மருந்தை அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதித்ததும் எடைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பால்தான். ஆனால் எடை இறங்கியதும் மறு ஆய்வு செய்து பார்க்காமல் நீங்களாக நிறுத்த வேண்டாம். குறட்டை நின்றுவிட்டது என்பது நோய் நின்றதற்கு அத்தாட்சி ஆகாது.

கேள்வி: பாதி விலைக்குப் பழைய கருவி கிடைக்கிறது. வாங்கலாமா?

வரிசை எண்ணைக் கேட்டு வாங்கி முதலில் சரிபாருங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், சத்தம் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பொருள் சிதைந்து மூச்சில் கலக்கக்கூடும் என்று கூறி உலகெங்கும் பல லட்சம் கருவிகளைத் திரும்பப் பெற்றது. அவற்றில் சில இன்னும் கைமாறிக்கொண்டிருக்கலாம். கருவி சரியாக இருந்தாலும் மாஸ்க், குழாய், வடிகட்டி மூன்றையும் புதிதாகவே வாங்குங்கள். முன்னவரின் அழுத்த அளவு அதில் பதிந்திருக்கும். உங்கள் ஆய்வு அறிக்கையோடு மருத்துவரிடம் கொண்டுபோய் மாற்றி வைத்த பிறகே முதல் இரவைத் தொடங்குங்கள்.